400 மீட்டர் ஓட்டமும் லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழியும்

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள், 400 மீட்டர் ஓட்டத்தில் போட்டியிடுகிறாள். கடைசி 100 மீட்டரில் கால் கல்லாகிவிடுகிறது, ஓடி முடித்ததும் குமட்டுகிறது என்கிறாள். சனிக்கிழமை சில்வர் பீச் மணலில் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டரங்கின் கேலரிப் படிகளில் பத்துச் சுற்று ஏறி இறங்குதல் என்று பயிற்சி. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டு மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கிறாள். “தசைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, தைலம் தேய்த்து நன்றாக அழுத்திவிட்டால் இறங்கிவிடும்” என்கிறார் பயிற்சியாளர். ஆக்சிஜன் அடைத்த டப்பா ஒன்றை வாங்கி ஓட்டத்துக்கு முன் முகரச் சொல்கிறார் உறவினர். பாடநூலில் ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்றும் தனிப்பயிற்சி ஆசிரியர் 32 என்றும் சொல்வதால் மகளுக்கு அங்கேயும் குழப்பம். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் இதே அமிலம்தானா என்று வேறு கேட்கிறாள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று அதை மட்டும் சாப்பிடுவதில்லை; மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறாள். அவளுக்கு உண்மையிலேயே ஆக்சிஜன் குறைவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் எழுதியிருக்கும் ‘ஆக்சிஜன் இல்லை, ஆகவே லாக்டிக் அமிலம், ஆகவே வலி’ என்ற வாய்ப்பாட்டை முதலாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் மனப்பாடமாகக் கொண்டுவருவார்கள். அதை அவிழ்ப்பதற்கே எனக்கு இரண்டு வகுப்புகள் பிடிக்கும். அந்த வாய்ப்பாட்டின் மூன்று கண்ணிகளில் ஒன்றுகூட உங்கள் மகளின் காலுக்கு அப்படியே பொருந்தாது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். 1907-இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் தவளையின் காலிலிருந்து வெட்டியெடுத்த தசையை மின்தூண்டலால் களைக்கும்வரை சுருங்கச் செய்து, ஆக்சிஜன் இல்லாத நிலையில் அதில் லாக்டிக் அமிலம் குவிவதையும், ஆக்சிஜனில் வைத்தால் அது மறைவதையும் காட்டினார்கள். பின்னர் ஹில், மையர்ஹாஃப் ஆகியோர் இந்த வேதிவினைகளையும் தசையில் பிறக்கும் வெப்பத்தையும் அளந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அளவீடுகளில் பிழையில்லை. ஆனால் வெட்டியெடுத்த தசைக்கு இரத்த ஓட்டம் கிடையாது. உண்டான பொருள் வெளியேற வழியில்லாமல் அங்கேயேதான் கிடக்கும். களைத்த தசையில் அமிலம் கிடந்ததைக் கண்டவர்கள் அமிலமே களைப்புக்குக் காரணம் என்று முடிவுகட்டினார்கள். திருட்டு நடந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தவனைத் திருடன் என்று பிடித்துக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

இனி, உயிருள்ள காலில் நடப்பதைப் பார்ப்போம். தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாகும் பொருள் ஏடிபி. குளுக்கோஸ் 500 ரூபாய்த் தாள் என்றால் ஏடிபி சில்லறை. பேருந்தில் சில்லறைதான் செல்லும். இந்தச் சில்லறையைத் தசை பெரிய அளவில் சேமித்து வைப்பதில்லை. முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதால், செலவாகும் வேகத்திலேயே புதிதாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் உடல் இப்படிப் புதுப்பிக்கும் ஏடிபியின் மொத்த எடை ஏறத்தாழ உடலின் எடைக்கே நிகராகும்.

மாற்றித் தரும் வழிகள் மூன்று. முதலாவது கிரியேட்டின் பாஸ்பேட். தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கழற்றிக் கொடுத்து உடனடியாக ஏடிபியைப் புதுப்பிக்கும் இந்தப் பொருள், முழு முயற்சியில் 10 விநாடி அளவுக்குக் கைகொடுக்கும். இதை 1927-இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போய், அங்கே சைரஸ் ஃபிஸ்குடன் பணியாற்றியவர். நம் பாடநூல்கள் மேல்நாட்டுப் பெயர்களைச் சொல்லும் இடத்தில் இவர் பெயரையும் ஒருமுறை சொல்லியிருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இரண்டாவது வழி, தசையில் சேமித்த கிளைக்கோஜனிலிருந்தோ (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) இரத்தத்திலிருந்தோ வரும் குளுக்கோஸை இரண்டாக உடைத்து பைருவேட் ஆக்குவது. இது செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் கூழ்மத்தில் நடக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2 ஏடிபிதான் கிடைக்கும், ஆனால் வெகு வேகமாகக் கிடைக்கும். மூன்றாவது வழியில் அந்த பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சுழற்சியில் முழுவதும் சிதைந்து, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அதிலிருந்து கழற்றப்பட்ட எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜன் ஏற்றுக்கொண்டு நீராகிறது. இதில் வருவாய் பல மடங்கு, வேகம் குறைவு.

முதலிரண்டு வழிகள் ஆக்சிஜன் தீர்ந்த பிறகு திறக்கும் மாற்றுப்பாதைகள் என்று உங்கள் மகள் எண்ணிக்கொண்டிருப்பாள். உண்மையில் மூன்றும் ஓட்டம் தொடங்கிய முதல் விநாடியிலிருந்தே ஒருசேர இயங்குகின்றன. விகிதம் மட்டுமே மாறுகிறது. ‘காற்றில்லா ஓட்டம்’ என்று முத்திரை குத்தப்பட்ட 400 மீட்டரிலேயே, பயிற்சி பெற்றவர்களுக்கு மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. அவளுடைய தசைக்குள் அப்போது ஆக்சிஜன் இருக்கிறது. தேவையின் வேகத்துக்கு மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்க முடியாமைதான் சிக்கல்.

இந்த இடத்தை நீங்கள் கடலூர் துறைமுகத்தில் நேரிலேயே பார்க்கலாம். விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைசேரும் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து மீனை இறக்கக் காலிக் கூடை வேண்டும். நிறைந்த கூடை மேலே போய், மீன் லாரியில் ஏறி, கூடை காலியாகித் திரும்பி வந்தால்தான் அடுத்த படகின் மீன் இறங்கும். குளுக்கோஸை உடைக்கும்போது கழலும் ஹைட்ரஜனைச் சுமக்கும் கூடை என்.ஏ.டி. என்ற மூலக்கூறு, கூடைகளைக் காலிசெய்யும் இடம் மைட்டோகாண்ட்ரியா, சரக்கைக் கடைசியாக ஏற்றிச் செல்லும் லாரி ஆக்சிஜன். மீன்வரத்து அதிகமாகி, ஏற்றுமிடத்தில் நெரிசல் உண்டாகும்போது ஏலக்காரர்கள் என்ன செய்வார்கள்? கூடைகளைப் பக்கத்துக் கொட்டகையில் கவிழ்த்துவிட்டு, காலிக் கூடையுடன் படகுக்கு ஓடுவார்கள். பைருவேட் தன்மேல் அந்த ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டு லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம்) ஆவது இதற்காகத்தான்; கூடை விடுபடுகிறது, குளுக்கோஸ் உடைவது தடையில்லாமல் தொடர்கிறது. லாரியே வராத நாளில் கொட்டகை நிறையும் என்பது உண்மை. ஆனால் கொட்டகையில் மீன் கிடப்பதைக் கண்டு லாரியே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

கொட்டகையில் கிடக்கும் மீன் குப்பையும் அல்ல. லாக்டேட்டில் இன்னும் எடுக்கப்படாத ஆற்றல் பெரும்பங்கு இருக்கிறது. மீனை நறுக்கும்போது முதுகுச் சதை வெளுத்தும், பக்கவாட்டில் தோலை ஒட்டி ஒரு பட்டை மட்டும் கறுத்தும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சூரை மீனில் அந்தக் கறுப்புச் சதை மிகுதி. இடைவிடாமல் நீந்த உதவும் கறுத்த சதையில் மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும் நிறைய உண்டு. திடீரென்று பாய்வதற்கான வெள்ளைச் சதை குளுக்கோஸை உடைப்பதையே பெரிதும் நம்பியிருக்கிறது. மனிதத் தசையில் இந்த இரு வகை இழைகளும் பட்டையாகப் பிரியாமல் கலந்து கிடக்கின்றன. வேக இழைகள் வெளிவிடும் லாக்டேட்டை அடுத்திருக்கும் மெது இழைகளும், இரத்தத்தின் வழியாக இதயமும் வாங்கி எரிபொருளாக்குகின்றன. எஞ்சியதைக் கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. இந்தக் கல்லீரல் சுற்றை விளக்கிய கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றார்கள். லாக்டேட் உடலுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் எரிபொருள் என்பதை ஜார்ஜ் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து வலியுறுத்தி நிறுவினார். உட்கார்ந்திருக்கும்போதும் நம் இரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் லாக்டேட் இருந்துகொண்டேதான் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத சிவப்பணுக்கள், தாமே ஆக்சிஜனைச் சுமந்து திரிந்தும் அதைப் பயன்படுத்தத் தெரியாமல், நாள் முழுவதும் லாக்டேட்டை உண்டாக்குகின்றன.

அப்படியானால் கடைசி 100 மீட்டரில் கால் ஏன் கல்லாகிறது? அந்த நேரத்தில் தசைக்குள் அமிலத்தன்மை கூடுவது உண்மைதான். ஆனால் ஏடிபி அதிவேகமாகச் சிதையும்போது வெளியாகும், அமிலத்தன்மையைக் கூட்டும் ஹைட்ரஜன் அயனிகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பைருவேட் லாக்டேட் ஆகும் படியோ ஒரு ஹைட்ரஜன் அயனியை உள்ளிழுத்துக்கொள்கிறது. அதோடு, கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து தனித்து நிற்கும் பாஸ்பேட் தசைப்புரதங்களின் பிடியைத் தளர்த்துகிறது, சுருக்கத்துக்குத் தேவையான கால்சியம் வெளிவருவதையும் குறைக்கிறது. லாக்டேட் மட்டுமே குற்றவாளி இல்லை என்பதற்கு வலுவான சாட்சி ஒரு நோயில் இருக்கிறது. 1951-இல் மெக்கார்டில் என்ற மருத்துவர் விவரித்த அரிய மரபு நோய் அது. அந்நோயாளிகளால் தசைக் கிளைக்கோஜனை உடைக்க முடியாது; எனவே உழைக்கும்போது அவர்கள் இரத்தத்தில் லாக்டேட் ஏறுவதே இல்லை. ஆனாலும் அவர்கள் மற்றவர்களைவிட வெகு சீக்கிரமாகக் களைத்து, தசை பிடித்துக்கொண்டு துடிக்கிறார்கள். ஓடி முடித்த பிறகு வரும் குமட்டல் இந்த அமிலநிலையாலும், ஓட்டத்தின்போது குடலுக்குப் போகும் இரத்தம் குறைவதாலும் வருவது. போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் பெரும்பாலும் தணியும். ஓடி முடித்ததும் படுத்துவிடாமல் பத்து நிமிடம் மெல்ல ஓடினாலோ நடந்தாலோ, லாக்டேட் இன்னும் விரைவாக எரிந்து தீரும்.

அடுத்தது, திங்கட்கிழமை வலி. 400 மீட்டர் ஓடி முடித்தவுடன் இரத்த லாக்டேட் 15 மில்லிமோலைத் தாண்டுவதுண்டு. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அது ஏறத்தாழ பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஞாயிறு காலையில் உண்டான லாக்டேட் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை தைலம் தேய்த்து வெளியேற்ற அங்கே எதுவும் இல்லை. இந்த வலிக்குக் காரணம் மணலும் அல்ல, படி ஏறியதும் அல்ல, படி இறங்கியது. இறங்கும்போது தொடைத் தசை உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. இப்படி இழுபட்டபடியே இறுகும்போது தசை இழைகளுக்குள் நுண்ணிய சேதம் உண்டாகி, பிறகு வீக்கமும் வலியும் தோன்றி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே அடங்குகிறது. ஏறுவதற்குத்தான் ஆற்றல் அதிகம் செலவாகிறது, லாக்டேட்டும் அதிகம் உண்டாகிறது. ஆனாலும் வலி தருவது இறக்கம் என்பதே அமிலக் கதையை உடைக்கப் போதும். தைலமும் வெந்நீர் ஒத்தடமும் இதமளிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வலிக்கும் தசையை முழு பலத்தோடு அழுத்திப் பிசைய வேண்டாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, தொடை கடுமையாக வீங்கினாலோ, ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆக்சிஜன் டப்பாவை வாங்க வேண்டாம். கடல் மட்டத்தில் இருக்கும் கடலூர்க் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. நல்ல நுரையீரல் உள்ளவர்களின் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே அதை 97, 98 விழுக்காடு நிரப்பிக்கொள்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றி என்ன பயன்? முகர்ந்ததைச் சேமித்து வைக்கவும் உடலில் இடமில்லை. ஓட்டக்கோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் விளைவு கரைந்துவிடும்.

38-ஆ 32-ஆ என்ற கணக்குக்கு வருகிறேன். கூடையில் ஏறிய ஒவ்வொரு ஹைட்ரஜன் சுமைக்கும் 3 ஏடிபி, எஃப்.ஏ.டி. என்ற இன்னொரு வகைக் கூடைக்கு 2 ஏடிபி என்று முழு எண்களாக வைத்தார்கள் பழைய நூலாசிரியர்கள். 10 கூடைக்கு 30, 2 கூடைக்கு 4, நேரடியாகக் கிடைப்பது 4, ஆக 38. எலெக்ட்ரான்களின் ஆற்றலால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே ஹைட்ரஜன் அயனிகள் ஏற்றப்பட்டு, மதகில் பாயும் ஏரித்தண்ணீர்போல அவை திரும்பிப் பாயும் விசையில்தான் ஏடிபி உருவாகிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. மதகில் பாயும் தண்ணீருக்கு முழு எண் கணக்குப் பொருந்தாது. ஏடிபியை வெளியே அனுப்பவும் சிறிது செலவாகிறது. ஆகவே இன்று 2.5, 1.5 என்று கணக்கிடுகிறார்கள். 25, 3, 4 சேர்ந்து 32. வெளியே உண்டான ஹைட்ரஜன் எந்த வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்து அதுவும் 30 ஆகலாம். தேர்வில் பாடநூலில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள், திருத்துபவரோடு வழக்காட முடியாது. 32-தான் உண்மைக்கு நெருக்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இட்லி மாவைப் பற்றி அவள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆம், அதே லாக்டிக் அமிலம்தான்; அதே கூடைச் சிக்கலுக்குத்தான் அங்கேயும் தீர்வு. மாவில் பெருகும் லூக்கோநாஸ்டாக் என்ற நுண்ணுயிரி லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளிவிடுவதால் மாவு புளிக்கவும் செய்கிறது, பொங்கவும் செய்கிறது. நம் தசைக்கு ஏற்றிச் செல்ல லாரி உண்டு. இந்த நுண்ணுயிரி லாரியை நம்பிப் பிழைப்பதில்லை, தான் கவிழ்த்ததை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். ஈஸ்ட் அதே சிக்கலைச் சாராயமாக்கித் தீர்த்துக்கொள்கிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாவது அப்படித்தான். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, எங்கள் புதுச்சேரியில் விற்பனை உண்டு என்றாலும், ஈஸ்ட் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. விடுமுறையில் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனால், சேற்றைக் கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டை வைத்து மூச்சுவிடும் நுண்ணுயிரிகளின் வேலை அது. அதே சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களால் அப்படி வாழ முடியாததால்தான் வேர்களைச் சேற்றுக்கு மேலே, காற்றில் நீட்டி வைத்திருக்கின்றன.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரும்பு மாத்திரை. உங்கள் கடிதம் முழுவதிலும் ஆக்சிஜனோடு நேரடித் தொடர்புள்ள வரி அது ஒன்றுதான். நுரையீரலிலிருந்து தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும் ஹீமோகுளோபினின் நடுவிலும், தசையில் அதை வாங்கி வைக்கும் மயோகுளோபினிலும், மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களிலும் இரும்பே இருக்கிறது. அது குறைந்தால் லாரியும் குறையும், ஏற்றுமிடமும் மந்தப்படும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாதவிடாயும் கடும் பயிற்சியும் சேர்ந்த 16 வயதுப் பெண்ணை அந்தப் பட்டியலில் இல்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமாகத் தோற்றமளிப்பது இதற்குச் சான்றாகாது.

அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். முடிந்தால் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு (100 மி.லி. இரத்தத்துக்கு) 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. எவ்வளவு மாத்திரை, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருந்தாலும் அவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் பிரட்டும். இரவு உணவுக்குப் பிறகு, பாலோ தேநீரோ சேர்க்காமல், அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு விழுங்கச் சொல்லிப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அவளுக்கு மட்டுமாவது ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அதற்குள் படிகளில் வேகமாக இறங்கும் சுற்றுகளைப் பத்திலிருந்து நான்காகக் குறைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகும்படி பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும் சுற்றுகளை அவர் விருப்பப்படியே வைத்துக்கொள்ளட்டும், மற்றச் சுற்றுகளில் கீழே வரும்போது மட்டும் அவள் நிதானமாக நடந்து இறங்கலாம்.